கலைந்ததைச் சேர்க்கும் கரங்கள்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களையும் ஏரல் மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரைகடந்து கடைத்தெருவுக்குள் புகுந்தது. பாலம் சேதமுற்றது, மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெள்ளம் வடிந்தபின் நாங்கள் மதரஸாவின் கதவைத் திறந்தபோது தரையெங்கும் சேறு படிந்து கிடந்தது. சுவரோரமிருந்த மர அலமாரி நீரில் ஊறிப் பருத்து, திறக்க மறுத்தது. கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். கூழாகிப்போன ஏடுகளுக்கும் வருகைப் பதிவேடுகளுக்கும் இடையே சேறு அப்பிய சிறு கட்டை போன்ற பொருளொன்று கிடந்தது. அது, ஒரு மாதத்துக்கு முன்னர் மாணவன் ஒருவனிடமிருந்து நான் பறித்துப் பூட்டி வைத்த ‘கியூப்’!

அம்மாணவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கு எழுத்து தடுமாறுவான். ஆனால் மேசைக்கடியில் அவனுடைய கைகள் மட்டும் ஓயாமல் எதையோ திருகிக்கொண்டிருக்கும். ஒருநாள் பொறுமையிழந்து அதைப் பிடுங்கிவிட்டேன். “ஹஜ்ரத், தந்துவிடுங்கள், இனிமேல் கொண்டு வரமாட்டேன்” என்று மூன்று முறை வந்து கேட்டான். “ஆண்டு இறுதியில் தருகிறேன், போ” என்று அனுப்பிவிட்டேன். வெள்ளம் அவனுடைய வாப்பாவின் சிறு கடையையும் விட்டுவைக்கவில்லை. சரக்கு முழுவதையும் இழந்து நிற்கும் மனிதரிடம் விளையாட்டுப் பொருள் வேண்டுமென்று எந்தப் பிள்ளை கேட்பான்? இதையாவது திருப்பித் தருவோம் என்று எண்ணிக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். கழுவும்போது ஒரு துண்டு கழன்றது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே கழன்று கையில் வந்துவிட்டன. வெயிலில் உலர்த்தி, எனக்குத் தெரிந்தவாறு மீண்டும் பொருத்தி, அவனிடம் கொடுத்தேன்.

வாங்கியவன் இரண்டு நிமிடம் திருகிப் பார்த்தான், பின்பு நிறுத்திவிட்டான். “ஹஜ்ரத், இதை யாராலும் சேர்க்க முடியாது. ஒரு மூலை திரும்பி மாட்டியிருக்கிறது” என்றான்.

சேர்க்கத் தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்றே நான் நினைத்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. ஒரு மூலைத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தி, பலவந்தமாகத் திருப்பினான். அடுத்த ஒரு நிமிடத்திற்குள் ஆறு பக்கங்களும் ஆறு நிறங்களாய் அமைந்துவிட்டன!

பன்னிரண்டில் ஒன்று

பிறகு இது குறித்துப் படித்தறிந்தபோதுதான் அவன் சொன்னது முற்றிலும் உண்மையென்று விளங்கியது. இக்கனசதுரத்தில் நகரும் துண்டுகள் இருபது. மூலைத் துண்டுகள் எட்டு. ஓரத் துண்டுகள் பன்னிரண்டு. ஒவ்வொரு முகத்தின் நடுவிலுமுள்ள ஆறு துண்டுகள் நின்ற இடத்திலேயே சுழலுமேயன்றி இடம் மாறா. எத்தனை முறை, எவ்விதம் திருகினாலும் ஒரு மூலையை மட்டும் தனித்துத் திருப்ப இயலாது. ஓர் ஓரத்தை மட்டும் தனித்துப் புரட்ட இயலாது. ஏனையவற்றைக் கலைக்காமல் இரண்டே துண்டுகளை இடம் மாற்றவும் இயலாது. மூலைக்கு மூன்று நிலைகள், ஓரத்துக்கு இரண்டு, இடமாற்றத்துக்கு இரண்டு. இவற்றைப் பெருக்கினால் பன்னிரண்டு. ஆகவே கழற்றிய துண்டுகளைக் கண்டபடி பொருத்தினால், பன்னிரண்டில் ஒருமுறைதான் அது சேர்க்கத்தக்க நிலையில் அமையும். ஏனைய பதினொரு முறையும் எந்த மேதையாலும் அதைத் திருகிச் சேர்க்க முடியாது.

கணித அறிஞர்கள் எண்ணிச் சொன்ன இவ்வுண்மையை, எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையின் விரல்கள் இரண்டே நிமிடத்தில் கண்டுகொண்டன. பொருத்தியவனாகிய நான் செய்த பிழையை, சேர்க்கத் தெரியாத அவனுடைய பிழையாக எண்ணியது என் அறியாமை. அந்த நாணமே என்னை இப்பொருள் பற்றித் தேடிப் படிக்கவும், வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவும் தூண்டிற்று.

பேராசிரியர் செய்த கட்டை

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் கட்டடக் கலை பயின்று ஆசிரியராக விளங்கிய எர்னோ ரூபிக் என்பவர் 1974ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். விளையாட்டுச் சாமான் செய்வது அவருடைய நோக்கமன்று. ஒரு பொருளின் உறுப்புகள் தனித்தனியே அசைய வேண்டும். ஆயினும் முழுப்பொருள் சிதறிவிடக் கூடாது. இதற்கு வழியுண்டா என்பதே அவருடைய ஆராய்ச்சி. மரக்கட்டைகளால் செய்து, பக்கங்களுக்கு நிறமிட்டுச் சில முறை திருகினார். நிறங்கள் கலைந்தன. பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றபோதுதான் தாம் உண்டாக்கியது ஒரு புதிர் என்பது அவருக்கே தெரிந்தது. தம் கையால் செய்ததைத் தாமே சேர்க்க அவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்ததாம்! 1980இல் ‘ரூபிக் கியூப்’ என்ற பெயரில் அது உலகச் சந்தைக்கு வந்தது.

இச்சிறு பொருள் எடுக்கக்கூடிய வெவ்வேறு நிலைகளின் எண்ணிக்கையைக் கேட்டால் வியப்பு மேலிடும். 43 என்று எழுதி, அதன் பின்னே இன்னும் பதினெட்டு இலக்கங்கள் எழுத வேண்டும். விநாடிக்கு ஒரு நிலையென்று விடாமல் பார்த்துக்கொண்டே வந்தால் அனைத்தையும் பார்த்து முடிக்க ஒரு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். எனினும், எவ்வளவு கலைந்த நிலையிலிருந்தும் இருபது திருப்பங்களுக்குள் சேர்த்துவிட முடியும் என்பதை 2010ஆம் ஆண்டில் ஆய்வாளர் நால்வர் கணினிகளின் துணைகொண்டு நிறுவினர். கூகுள் நிறுவனம் அதற்காக அளித்த கணினி நேரம், ஒரே கணினியில் செய்திருந்தால் 35 ஆண்டுகள் ஆகக்கூடிய அளவினது.

இருபத்திரண்டிலிருந்து மூன்றுக்கு

முதல் உலகப் போட்டி 1982 ஜூன் 5ஆம் நாள் புடாபெஸ்டிலேயே நடந்தது. கலந்துகொண்டோர் பத்தொன்பதே பேர். வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்த மின் தாய் என்ற பதினாறு வயது மாணவர் 22.95 விநாடியில் சேர்த்து வாகை சூடினார். அதன்பின் உலகம் இதை மறந்துபோயிற்று எனலாம். அடுத்த உலகப் போட்டி இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 2003இல், கனடாவின் டொரான்டோ நகரில்தான் நடைபெற்றது. மறு ஆண்டு உலகக் கியூப் சங்கம் தோன்றியது. ஒரே விதிமுறையின் கீழ் உலகெங்கும் போட்டிகள் நடத்தி, ஒவ்வொருவரின் நேரத்தையும் பதிவு செய்து வருவது அச்சங்கமே. சென்னையிலும் அதன் விதிப்படி போட்டிகள் நடந்து வருகின்றன.

அன்று தொட்டு நேரம் சரசரவெனக் குறையத் தொடங்கியது. 2015இல் லூகாஸ் எட்டர் என்ற அமெரிக்கச் சிறுவர் ஐந்து விநாடிக்குள் முடித்த முதல்வரானார். 2018இல் ஆஸ்திரேலியாவின் பெலிக்ஸ் செம்டெக்ஸ் 4.22 விநாடியும், அதே ஆண்டில் சீனாவின் யூஷெங் டு 3.47 விநாடியும் எடுத்தனர். 2023 ஜூனில் அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் 3.13 விநாடியில் முடித்தார். 2025 ஏப்ரலில் ஸுவான்யி கெங் என்ற ஏழு வயதுச் சீனச் சிறுவன் 3.05 விநாடியில் சேர்த்து அதனையும் முறியடித்தான். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று நாம் எண்ணி முடிப்பதற்கும் அவன் கீழே வைப்பதற்கும் சரியாயிருக்கும்!

மனிதனின் விரல்கள் நாற்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. கருவி மாறிற்று. பழைய கனசதுரங்கள் இறுகித் திருகும். இன்றையவற்றில் துண்டுகளுக்குள் சிறு காந்தங்கள் பதித்திருப்பதால் அவை வழுக்கிச் சென்று உரிய இடத்தில் தாமே நிற்கின்றன. அதனினும் பெரிய காரணம், கண்டறிந்த நுணுக்கத்தை ஒருவரும் மறைத்து வைக்காமல் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தமை.

போட்டி நடக்கும் விதம்

போட்டியில் பங்குபெறுவோர் தத்தம் கனசதுரத்தை மேசையில் ஒப்படைத்துவிட வேண்டும். கணினி வகுத்த முறைப்படி அவை கலைக்கப்படும். ஒரு பிரிவினருக்கு ஒரே விதமான கலைப்பு. ஒருவருக்கு எளிதும் மற்றவருக்குக் கடினமும் வாய்க்க இடமில்லை. மூடி எடுக்கப்பட்டதும் பார்த்தறிய பதினைந்து விநாடி தருவார்கள். எட்டாம் விநாடியிலும் பன்னிரண்டாம் விநாடியிலும் நடுவர் குரல் கொடுப்பார். பின்பு இரு கைகளையும் மேசையிலுள்ள கடிகாரத்தின் மீது வைத்து எடுத்தால் நேரம் ஓடத் தொடங்கும். முடித்துவிட்டு மீண்டும் வைத்தால் நிற்கும். ஒரு பக்கம் நேராக அமையாமல் பாதித் திருப்பத்துக்கு மேல் சாய்ந்து நின்றால் இரண்டு விநாடி கூட்டப்படும். அதற்கு மேலும் கலைந்திருந்தால் அம்முயற்சியே செல்லாது.

ஒவ்வொருவருக்கும் ஐந்து வாய்ப்புகள். அவற்றுள் மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மூன்றின் சராசரியையே கணக்கில் கொள்வார்கள். ஒருமுறை வாய்த்த நற்பேறும், ஒருமுறை நேர்ந்த தடுமாற்றமும் ஒருவனின் தரத்தை முடிவு செய்வதில்லை. ஒரே தேர்வின் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை அளக்கும் என் போன்ற ஆசிரியர்கள் இவ்விதியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

போட்டிகளில் மொத்தம் பதினேழு வகைகள் உள்ளன. ஒரு கையால் சேர்த்தல், கூம்பு வடிவப் புதிர், பன்னிரு முகப் புதிர், ஏழுக்கு ஏழு அடுக்குப் புதிர் எனப் பலவாறு விரியும். இவற்றுள் விரைவுக்கு வேலையே இல்லாத ஒன்றும் உண்டு. தாளும் எழுதுகோலும் கொடுத்து ஒரு மணி நேரம் அவகாசம் தருவார்கள். மிகக் குறைந்த திருப்பங்களில் சேர்க்கும் வழியை எழுதித் தர வேண்டும். 2019இல் இத்தாலியரான செபாஸ்டியானோ டிரோன்டோ பதினாறே திருப்பங்களில் அதை முடித்துக் காட்டினார்.

விரைவின் இரகசியம்

மூன்று விநாடியில் முடிப்பவன் பிறவி மேதையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்போர் பலர். உண்மை அதுவன்று. செக் நாட்டில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவில் பேராசிரியையாக விளங்கிய ஜெசிகா ஃப்ரிட்ரிச் அம்மையார் பரப்பிய முறையைத்தான் உலகின் பெரும்பாலான போட்டியாளர்கள் பின்பற்றுகின்றனர். அவரே 2003 உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர். முதலில் ஒரு பக்கத்தில் சிலுவை போன்ற அமைப்பு; பின்பு கீழிரு அடுக்குகள்; பிறகு மேலடுக்கின் நிறம்; இறுதியாக மேலடுக்கின் இடம் என நான்கு படிகள். நிறத்துக்கு 57 அமைப்புகள், இடத்துக்கு 21 அமைப்புகள், ஆக 78. ஒவ்வொன்றையும் கண்டவுடன் இன்னின்ன திருப்பங்கள் என்று விரல்களுக்குப் பழகியிருக்க வேண்டும். வாய்ப்பாடு மனனம் செய்வதைப் போன்றதே இதுவும்.

மனனத்துக்கு அப்பாலும் ஒன்றுண்டு. கைகள் இப்போதைய துண்டைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே கண்கள் அடுத்த துண்டைத் தேடிக் கண்டிருக்க வேண்டும். தொடக்கநிலைப் பிள்ளைகள் கைகளை மின்னலாய் ஓட்டுகிறார்கள். பின்பு அடுத்தது எங்கேயென்று தேடித் திகைத்து நிற்கிறார்கள். தேர்ந்தவர்களோ கையின் வேகத்தைச் சற்றே குறைத்து, இடையில் நிற்காமல் செல்கிறார்கள், அவர்களே முந்துகிறார்கள். “மெதுவாகத் திருகினால்தான் சீக்கிரம் முடிகிறது, ஹஜ்ரத்” என்று என் மாணவன் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் பொருள் விளங்கிற்று.

கண்ணைக் கட்டிக்கொண்டு

இவ்வனைத்திலும் என்னை மிகவும் ஈர்த்தது கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்க்கும் போட்டியே. கலைந்த கனசதுரத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டபின் ஒருமுறையும் பாராமல் சேர்க்க வேண்டும். பதிக்கும் நேரமும் சேர்த்தே கணக்கிடப்படும். 2019இல் சென்னையைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, கண்களைக் கட்டிக்கொண்டு தமிழ்க் கவிதைகளைச் சொல்லியவாறே 2 நிமிடம் 7 விநாடியில் சேர்த்துக் காட்டினாள்.

பல கனசதுரங்களை ஒன்றாக அடுக்கி வைத்து, எல்லாவற்றையும் மனத்தில் வாங்கி, பின்பு கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் ஒரு போட்டி. அதற்கு ஒரு மணி நேரமே அவகாசம். 2018இல் இந்தியாவின் சிவம் பன்சல் 48 கனசதுரங்களை எடுத்துக்கொண்டு, 59 நிமிடம் 48 விநாடியில் நாற்பத்தெட்டையும் பிழையின்றிச் சேர்த்து உலக சாதனை நிகழ்த்தினார். 2022இல் அமெரிக்காவின் கிரகாம் சிக்கின்ஸ் 65 எடுத்து 62ஐச் சேர்த்தார்.

இது எங்ஙனம் இயலும்? துண்டுகளின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்தைப் பெயராக வைத்துக்கொள்கிறார்கள். துண்டுகள் போக வேண்டிய வரிசை எழுத்துகளின் வரிசையாகிவிடுகிறது. இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்குகிறார்கள். ‘க’வும் ‘ப’வும் வந்தால் கப்பல், ‘ம’வும் ‘ய’வும் வந்தால் மயில், ‘த’வும் ‘ர’வும் வந்தால் தராசு. பின்பு தமக்கு நன்கு பழகிய வழியொன்றில் இவற்றை நிறுத்தி வைக்கிறார்கள். ஏரல் பேருந்து நிலைய வாசலில் ஒரு கப்பல் நிற்கிறது. கடைத்தெரு முனையில் மயில் ஆடுகிறது. ஆற்றுப் பாலத்தின் நடுவே தராசு தொங்குகிறது! மனத்தால் அவ்வழியே நடந்தால் எழுத்துகள் தவறாமல் திரும்பி வந்துவிடும். ஒரு கனசதுரத்துக்கு ஏறத்தாழ இருபது எழுத்துகள், அதாவது பத்துச் சொற்கள். நாற்பத்தெட்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு!

இதனைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பெருமக்கள் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்தி அப்பட்டத்தைப் பெற்றவர் அவர். செய்யுள் இயற்றுதல், கணக்குக்கு விடை கூறுதல், ஒலிக்கும் மணியை எண்ணுதல், முதுகில் விழும் நெல்மணிகளை எண்ணுதல் போன்றவை அவதானத்தில் வழக்கமாக இடம்பெறுபவை. இவை ஒன்றோடொன்று குழம்பாமல் ஒரே நேரத்தில் கவனத்தில் நிற்க வேண்டும். கனசதுரப் போட்டியாளன் இயந்திரத்தின் நேரத்தோடு மோதுகிறான். அவதானியோ கேள்வி கேட்போரின் கூட்டத்தோடு மோதினார். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. கவனத்தைக் கட்டிக் காக்கும் பயிற்சி நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதையே சொல்ல வருகிறேன்.

பெற்றோர் கவனத்திற்கு

மேலே குறிப்பிட்ட மேக்ஸ் பார்க், ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு உடையவர். சிறு வயதில் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்கவும் அவருடைய விரல்களுக்கு வலுவில்லை. பிறரோடு பழகவும் தெரியவில்லை. விரல்களுக்குப் பயிற்சியாகட்டும் என்றுதான் தாயார் கனசதுரத்தைக் கையில் கொடுத்தார். போட்டிக்குச் சென்ற இடத்தில் வரிசையில் நிற்கவும், தோற்றவரைப் பார்க்கவும், வென்றவருக்குக் கை கொடுக்கவும் மகன் கற்றுக்கொண்டதே அப்பெற்றோருக்குப் பதக்கத்தினும் பெரிதாயிற்று. அவருடைய சாதனைகள் தம் சாதனைகளை முறியடித்தபோதெல்லாம் செம்டெக்ஸ் வாழ்த்துச் செய்தி அனுப்பினார். 2020இல் வெளிவந்த ஆவணப் படமொன்று இவ்விருவரின் நட்பையே பேசுகிறது.

எனினும் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். கனசதுரம் பழகினால் மூளை வளரும், மதிப்பெண் உயரும் என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குவோர் உள்ளனர். என் மாணவனின் மதிப்பெண் அப்படியொன்றும் உயர்ந்துவிடவில்லை. வாசிப்பில் அவன் இன்னும் தடுமாறத்தான் செய்கிறான். சில நூறு ரூபாயில் நல்ல கனசதுரம் கிடைக்கிறது. கற்கும் முறைகளோ காசின்றியே கிடைக்கின்றன. நாளைக்கு அரைமணி நேரம் போதும். படிப்பை விட்டும் உறக்கத்தை விட்டும் திருகிக்கொண்டிருந்தால் அதைத் தடுப்பதும் பெற்றோரின் கடமையே. ஆனால் தடுக்குமுன், பிள்ளை என்ன செய்கிறான் என்று ஒருமுறையேனும் அருகில் அமர்ந்து பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

ஓராண்டு கழித்து அவனுடைய வாப்பா அவனை வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கடை அப்போதுதான் மெல்ல நிமிர்ந்திருந்தது. “பரிசு கிடைக்காது என்று அவனே சொல்கிறான், ஹஜ்ரத். இருந்தாலும் போகவேண்டும் என்கிறான்” என்று அவர் என்னிடம் கூறிச் சிரித்தார். முதற்சுற்றோடு திரும்பினான். ஐந்து முயற்சிகளுள் ஒன்று செல்லாமற்போயிற்று. ஆயினும் திரும்பிய மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன்னரே வந்து வாசலில் நின்றான். “ஹஜ்ரத், சராசரி முப்பதுக்குள் வந்துவிட்டது” என்றான். அவனுடைய பழைய சராசரி நாற்பத்தொன்று. யாரை வென்றாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை.

இப்பொழுது மதரஸாவில் இரும்பு அலமாரி வந்துவிட்டது. அதில் ஏடுகளை மட்டுமே வைத்துப் பூட்டுகிறோம். பாடம் முடிந்தபின், சேற்றில் கிடந்த அந்தப் பழைய கனசதுரத்தைக் கொண்டே அவன் எனக்குக் கற்றுத் தருகிறான். நான் நான்கு நிமிடத்தில் சேர்க்கிறேன். “மூன்றாவது படியில் கையைப் பார்க்கிறீர்கள், ஹஜ்ரத், அடுத்ததைப் பாருங்கள்” என்று அவன் திருத்துகிறான், நானும் மறுக்காமல் முதலிலிருந்து தொடங்குகிறேன்.